மருமகள் வைத்த பென்சில் புள்ளி

அத்தியாயம் 14

இதயம் பொய் சொல்லாது. மனிதன் சொல்வான், அவனுக்கு வேண்டியவர்கள் சொல்வார்கள், சில நேரம் ரத்தப் பரிசோதனைகூடச் சொல்லும். கட்டம் போட்ட தாளில் இதயம் தானே எழுதும் கோடு ஒன்றுதான் மனிதகுலத்துக்கு வாய்த்த கலப்படமில்லாத வாக்குமூலம். அதைப் படிக்கத் தெரிந்தவன் மருத்துவன். தெரியாதவன் வெறுமனே வெள்ளைக் கோட்டு மாட்டியவன்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, யவதஹமா ஊர்மன்றத்தின் மாடி அறையில், டாக்டர் கன்பாரா தோயோஹிகோ இப்படிச் சொல்லி நிறுத்தியபோது, அவருக்குப் பின்னால் திரையில் ஈ.சி.ஜி. தலைகீழாகத் தெரிந்துகொண்டிருந்தது.

படம் காட்டும் மெஷினில் கண்ணாடித் தாளைத் திருப்பி வைத்துவிட்டார். நோயாளியின் வயது, தேதி, எண் எல்லாமே கால் மேலே தலை கீழே. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்ததால் அவருக்கு அலை மட்டும் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினார். பிறகு நீளக் குச்சியால் திரையைத் தட்டி, ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் ஒரு குன்றுபோல எழவேண்டிய டி அலை இங்கே பள்ளமாகக் கிடப்பதைக் கவனிக்கச் சொன்னார். தலைகீழாக வைத்தால் எந்தக் குன்றுதான் பள்ளமாகாது?

கேட்க வந்த நர்சுகளும் டெக்னீஷியன்களுமாக இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேரும் பார்த்தார்கள். முன்வரிசையில் தலைமை நர்ஸ் ஹமாகுச்சி எல்லோருக்குமாகச் சேர்த்துத் தலையாட்டினார். சென்செய், அதாவது ஆசான், சொல்லும்போது குறுக்கே பேசும் பழக்கம் இந்த ஊரில் இல்லை. ஆறு நிமிடம் கழித்து, "சிக்கலான கேஸ்" என்று சொல்லி அவரே தாளை எடுத்துவிட்டார்.

கடைசி வரிசையில் டாக்டரின் மருமகள் மினோரி உட்கார்ந்திருந்தாள். அவளும்தான் பேசவில்லை. அவள் பையில் ஒரு தாள் இருந்தது. பெயரும் முத்திரையும் இருக்கும் ஓரத்தை உள்பக்கமாக மடித்து வைத்திருந்தாள்.

அது அவள் கணவன் கோஹேயின் ஈ.சி.ஜி.

பதினொரு நாட்களுக்கு முன்னால் எடுத்தது. ஆரஞ்சு விவசாயிகள் சங்கத்து வாசலில் வருடாந்திரப் பரிசோதனை பஸ் வந்து நின்ற அன்று, பழம் தரம் பிரிக்கும் கொட்டகையின் மேற்பார்வையாளனான கோஹே கடைசி ஆளாக ஏறி வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டு படுத்தான். பஸ்ஸில் வேலை பார்த்த மினோரிதான் அவன் நெஞ்சில் பட்டைகளை ஒட்டினாள். கை ஜில்லென்று இருப்பதாகவும், வீட்டிலும் இதே கதைதான் என்றும் சொல்லி, பக்கத்தில் நின்ற பெண்ணைச் சிரிக்கவைத்தான். போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சரிவில் பழவண்டி தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டது, தள்ளினான், நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல இருந்தது, பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு பழம் தின்றான், போய்விட்டது. பரிசோதனைப் படிவத்தில் மட்டும் 'நெஞ்சுவலி: இல்லை' என்று எழுதியிருந்தான். இப்போது இல்லைதானே என்பது அவன் நியாயம்.

மெஷின் தாளைத் துப்பியது. மேல்மூலையில் 'இயல்பு வரம்புக்குள்' என்று அதுவே ஒரு சான்றிதழும் அடித்துக்கொடுத்தது.

மினோரி பன்னிரண்டு வருட டெக்னீஷியன். பட்டையை ஒட்டுவதும் தாளைக் கிழிப்பதும் அவள் வேலை, படிப்பது டாக்டர் வேலை. ஆனால் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவருக்கு, எவன் நடுக்கடலில் வாந்தி எடுப்பான் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். நாற்பதாயிரம் தாள் கிழித்தவளுக்கும் அப்படித்தான். நெஞ்சின் முன்பக்கத்து இரண்டாம், மூன்றாம் பட்டைகளின் வரிசையில் டி அலை மேலே எழுந்து, முடியும் இடத்தில் கோட்டுக்குக் கீழே லேசாக முங்கியது. போன வருடத்துத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் வழவழவென்று ஒரு குன்று, முங்கல் இல்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். எப்படியும் அப்பாதானே படிக்கப்போகிறார், ஏதாவது இருந்தால் அவர் சொல்லமாட்டாரா என்று கேட்டான். அந்தக் கேள்வியில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதியின்மேல்தான் அவளுக்கு ஆத்திரமாக வருகிறது.

டெக்னீஷியன் தாளில் எதுவும் எழுதக்கூடாது. அதற்காகவே ஒரு வழக்கம் உண்டு. வலது கீழ்மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. 'பெரியவங்க தயவுபண்ணி இன்னொரு தடவை பாக்கணும்' என்று அர்த்தம். கோஹேயின் தாளிலும் மினோரி ஒன்று வைத்தாள். அதன் அர்த்தம் எல்லா டாக்டருக்கும் தெரியும். கன்பாரா சென்செய்க்கும் தெரியும். அதற்கென்றே மேஜையில் தனியாக ஒரு ரப்பர் வைத்திருந்தார்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை அவள் புள்ளி வைக்காமல் வாய்விட்டே சொல்லிவிட்டாள். "டெக்னீஷியனுக்குக் கை, டாக்டருக்குக் கண்" என்று அவர் பதில் சொன்னார். அப்போது எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்; பிறகு ஒரு மாதம் அவள் வைத்த மிசோ சூப்பைத் தொடவில்லை. கிண்ணத்தை அப்படியே ஓரமாக நகர்த்துவார். மாமியார் ஃபுசா எடுத்துக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மெதுவாகச் சொல்வார்.

வியாழக்கிழமை அவர் ஒரே காலையில் முந்நூறு தாள் படித்தார். ஓய்வுபெற்ற தலைமை மருத்துவருக்குப் பரிசோதனை மையம் கொடுத்திருக்கும் கௌரவம் அது. பெயரைப் பார்த்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. ஆகவே பெயர் வரும் இடத்தில் ஓர் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டுதான் படிப்பார். அட்டையை அடுத்த தாளுக்கு நகர்த்தி, தாளைப் பார்த்து, முத்திரை குத்தி, அடுத்தது. ஏ என்றால் குறையில்லை, பி என்றால் லேசான குறை, டி என்றால் ஆஸ்பத்திரி. கோஹேயின் தாளில் 'ஏ' விழுந்தது. பக்கத்திலேயே கன்பாரா என்ற சிவப்பு முத்திரையும்.

நேற்று மாலை முடிவு உறை வீட்டுக்கு வந்தது. கோஹே அதைக் காந்தம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

"அப்பா கையால எனக்குக் கிடைச்ச மொத ஏ" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வில் மூன்று வருடம் தொடர்ந்து தோற்றவன் அவன். அதைப்பற்றி அப்பா அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பத்தொன்பது வருடமாகக் கேட்காமலே இருக்கிறார்.

மினோரி ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றபடியே, ஏ இருக்கட்டும், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நாளை மறுநாள் திருவிழா, சாமி பல்லக்கில் முன்கம்பம் தனக்கு வந்திருக்கிறது, நாளைக்கு மூன்று மணிக்கு ஒத்திகை என்றான் அவன். அவள் விடவில்லை. அவன் திரும்பி நின்று கேட்டான்.

"அப்பாவைவிட உனக்குத் தெரியுமா?"

"இல்ல, ஆனா..."

அந்த 'இல்ல'யோடு பேச்சு முடிந்துபோனது. ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்துகொண்டு அவளுக்காகப் பதில் சொல்லிவிட்டது.

இன்று காலை மையத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தாள். வலது கீழ்மூலை சுத்தமாக இருந்தது. மடிப்பில் ரப்பர் துகள் கொஞ்சம். மூலத்தாளையே உருவிக்கொண்டு வந்துவிட்டாள். அதுவே விதிமீறல். அங்கிருந்து நேரே மாமனார் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் என்ன நடக்கும்? கை, கண், சூப் கிண்ணம். வகுப்பில் அவரே படிக்கட்டும், அவர் வாயாலேயே வரட்டும் என்று முடிவு செய்தாள். ஆளுக்கொரு தாள் கொண்டுவந்து கொடுப்பதும், சென்செய் பெயர் தெரியாமல் படித்துக் காட்டுவதும் வகுப்பின் வழக்கம்தானே. முறைப்படியே நடக்கட்டும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அந்த முறையின் நடுவில் ஒரு மனிதன் பல்லக்குத் தூக்கப் போகிறான் என்பது அந்த நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் மறந்துபோனது.

அவள் தாள் நான்காவதாக இருந்தது.

முதல் தாளுக்கு இருபது நிமிடம் ஆனது. அதில் பதினைந்து நிமிடம், முன்னாள் நகரத் தலைவர் ஒருவரின் இதயத்தைச் சென்செய் எப்படிக் காப்பாற்றினார் என்பதற்கு. நகரத் தலைவர் அப்போது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று போன வருடம் சொன்னார். இந்த வருடம் காலைப் பிடித்தார். இரண்டும் மூன்றும் சீக்கிரம் முடிந்தன. மினோரி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி பத்து நிமிடம்.

சென்செய் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு நான்காவது தாளை எடுத்தார். மூலையில் மெஷின் அடித்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது யாரு கொண்டுவந்தது?"

மினோரி எழுந்து நின்றாள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. வகுப்பில் மருமகள் கிடையாது.

"தாளைப் பாக்குறதுக்கு முன்னாடி ஆளைக் கேக்கணும். இவருக்கு வலி இருந்துச்சா?"

"இதை எடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருந்துச்சு, சென்செய். மேட்டுல வண்டி தள்ளும்போது, பத்து நிமிஷம். எடுக்கும்போது சுத்தமா இல்ல."

அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு ஸ்கேலை எடுத்தார். இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று விரல் நகர்ந்து நின்றது. திரும்பப் பின்னால் போய் மறுபடி வந்து நின்றது. பெரிய சென்செய் குரல் இறங்கி, சாதாரண மனிதக் குரல் வந்தது.

"இது பொறி. வலி இருக்கும்போது எடுத்தா இது தெரியாது. வலி போனப்பறம்தான் தெரியும். அதனாலதான் எல்லாரும் விட்டுடுவாங்க. டி ஏறி, கடைசியில முங்குது பாருங்க. இதயத்துக்கு முன்பக்கமா இறங்குற பெரிய ரத்தக்குழாய், மேல்வாசல்லயே கிட்டத்தட்ட மூடியாச்சு. இன்னிக்கே ஆஸ்பத்திரி. நடக்க வெச்சுக்கூடப் பாக்கக்கூடாது. கனம் தூக்குனா அங்கேயே விழுந்துடுவாரு."

இந்த மனிதர் நன்றாகப் படிப்பார் என்பதையே மினோரி மறந்துபோயிருந்தாள். ஒரு தாளும், அதன் சொந்தக்காரனைப்பற்றி ஒரு வாக்கியமும், ஐந்து நிமிடமும் கொடுத்தால் படிக்கிறார். முந்நூறு தாளையும் ஒரு கௌரவத்தையும் கொடுத்தால் முத்திரை மட்டும் குத்துகிறார்.

"இவரை வீட்டுக்கு அனுப்புனது யாரு? டெக்னீஷியனா?"

"டாக்டர்தான், சென்செய்."

"அந்தாளு முத்திரையைப் புடுங்கிக் கடல்ல போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹமாகுச்சி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சொல்லவேண்டிய நேரம் அதுதான். இரண்டு மணி இருபது நிமிடம். ஒரே ஒரு மடிப்பைப் பிரித்தால் போதும். மினோரி பிரிக்கவில்லை. அதற்குப் பதிலாக, ரொம்பப் பணிவாக இன்னொரு கேள்வி கேட்டாள்.

"ஒருவேளை அந்த டாக்டர் அவசரத்துல பாத்திருப்பாரோ, சென்செய்?"

சென்செய்க்கு இதைவிடப் பிடித்த கேள்வி இருக்கமுடியாது. மருத்துவத்தில் அவசரம் என்ற நோயைப்பற்றிப் பதினெட்டு நிமிடம் பேசினார். கவனமில்லாத டாக்டர்களின் வகைகள், மெஷின் சொன்னதை நம்பும் சோம்பேறிகள், அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் கிழவர்கள். ஒவ்வொன்றாக அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஓரமாக நகர்த்தப்பட்ட கிண்ணங்கள் ஒவ்வொன்றும் திரும்பி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தன. இனித்தது. அந்தப் பதினெட்டு நிமிடமும் நன்றாகவே இனித்தது. பின்னாளில் யார் யாரையோ மன்னிக்கமுடிந்த மினோரிக்கு, அந்த இனிப்பை மட்டும் மன்னிக்கமுடியவில்லை.

அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி நாற்பது நிமிடம். வரிசைகளின் நடுவே நடந்து மேஜைக்குப் போனாள்.

"மாமா" என்றாள்.

வகுப்பில் அவள் அப்படிக் கூப்பிட்டதேயில்லை. ஹமாகுச்சியின் பேனா நின்றது. மினோரி கையை நீட்டி மடிப்பைப் பிரித்தாள்.

அவர் முதலில் பெயரைப் படித்தார். பிறகு முத்திரையைப் படித்தார். பிறகு மறுபடி பெயரை. குனிந்து வலது கீழ்மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க இருக்கான்?"

"கோயில்ல. மூணு மணிக்குப் பல்லக்கு ஒத்திகை."

வகுப்பு முடிந்தது என்று அவர் அறிவிக்கவில்லை. வகுப்புக்காகக் கொண்டுவந்திருந்த கையடக்க ஈ.சி.ஜி. மெஷினைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். இது பதினொரு நாள் பழைய தாள், இன்றைக்கு என்ன என்று தெரியவேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு கால் செருப்பு சரியாக மாட்டாமலே படியிறங்கினார்.

மினோரி வண்டியை ஓட்டினாள். அவர் திரும்பத் திரும்பக் கோஹேக்கு போன் போட்டார். திருவிழாவுக்குப் போடும் நீலக் கோட்டில் பை கிடையாது, போன் எங்காவது துணிமூட்டைக்குள் அடித்துக்கொண்டிருக்கும். மீன் அங்காடி சிக்னலில் வண்டி நின்றபோது அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"புள்ளி வெச்சிருந்தியா?"

"வெச்சிருந்தேன் மாமா."

"பாத்தேன்."

சிக்னல் மாறியது. அவள் வண்டியை எடுத்தாள்.

"அன்னிக்கு அஞ்சாறு புள்ளி இருந்துச்சு. மத்த தாள்ல எல்லாம் புள்ளியை அழிச்சுட்டு ஒரு தடவை திரும்பப் பாத்தேன். இது உன்னோட புள்ளின்னு தெரியும். நீ கொஞ்சம் அழுத்தி வெப்ப. அதனால இதை மட்டும் திரும்பப் பாக்கல."

பதிலுக்கு அவள் சொல்வதானால் வகுப்பில் போன அந்தப் பதினெட்டு நிமிடத்தைப்பற்றித்தான் சொல்லவேண்டும். அதைச் சொல்லும் தைரியம் அவளுக்கும் இல்லை. ஆளுக்கொரு குற்றத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி தாண்டி இருவரும் கோயில் மேட்டுக்கு வந்துசேர்ந்தார்கள்.

கல்படிகளில் பாதி ஏறும்போதே தெரிந்துவிட்டது. பாட்டுச் சத்தம் இல்லை. மேலே பல்லக்கு தரையில் இறங்கியிருந்தது. நீலக்கோட்டு ஆண்கள் வட்டமாக நின்றார்கள். ஒருவர் கை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். வட்டத்துக்குள் கோஹே பல்லக்குக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் ஈரச் சாம்பல்போல இருந்தது, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். மினோரி தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"ஒண்ணுமில்லப்பா. மத்தியானம் சாப்பிடல, அதான். நீங்கதான் ஏ குடுத்திருக்கீங்களே."

"அது தப்பு" என்றார் டாக்டர் கன்பாரா.

நாற்பது பேர் முன்னால் சொன்னார். அந்த ஊரில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. விசிறி நின்றது.

கோஹே சிரிக்க முயன்றான்.

"அப்போ இதுலயும் ஃபெயிலா?"

"நீ இல்லடா" என்றார்.

அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பல்லக்கு வைக்கும் அறையில் பாயில் படுக்கவைத்தார்கள். மினோரி ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் மட்சுயாமா வரைக்கும் போகவேண்டியிருக்கலாம், அதற்கு முன் அவசரப்பிரிவு டாக்டரிடம் பேசுங்கள் என்று இணைத்துக் கொடுத்தார்கள். மறுமுனையில் ஓர் இளம்பெண் குரல். வலி எத்தனை நிமிடமாக இருக்கிறது, முதுகுக்குப் போகிறதா, வாந்தி உண்டா என்று அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்டது. கையில் மெஷின் இருந்தால் இப்போதே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் படம்பிடித்து அனுப்புங்கள், அதைப் பார்த்துத்தான் எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து என்று முடிவுசெய்யவேண்டும், ஆம்புலன்ஸ் வர எட்டு நிமிடம் இருக்கிறது என்றது.

மினோரியின் ஒரு கையில் போன். இன்னொரு கையைக் கோஹே பிடித்திருந்தான். அவள் விரலை உருவப் பார்த்தாள். அவன் விடுவதாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பிடியை மட்டும் இறுக்கினான்.

"மாமா, நீங்க மாட்டுங்க" என்றாள்.

டாக்டர் கன்பாரா மண்டியிட்டு உட்கார்ந்தார். மெஷினின் மூடியைத் திறந்தார். மகனின் சட்டையை விலக்கினார். கைகால்களுக்கான நாலு கிளிப்புகளையும் வெளியே எடுத்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. வாசலை அடைத்துக்கொண்டு நாற்பது பேர் நின்றார்கள். போனில் அந்தக் குரல், எடுத்தாயிற்றா என்று கேட்டது. அவர் சிவப்பு கிளிப்பைக் கோஹேயின் வலது கைப்பக்கம் கொண்டுபோனார். அங்கிருந்து இடது கைப்பக்கம் கொண்டுபோனார். பிறகு கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்தொரு வருடமாக ஈ.சி.ஜி. படித்தவருக்கு அதை எப்படி மாட்டுவது என்று தெரியாது.